டாம் ஹாங்க்ஸ் இளைக்கிற கேப்பில் ஒரு த்ரில்லர்!

ஷூட்டிங் பாதியில் நிற்கிறது. ஹீரோ உடம்பைக் குறைத்து, தாடி வளர்த்து, தீவில் தனியாகத் தவித்தவனாக மாறி வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதுவரை டைரக்டர் ஓய்வெடுப்பார் என்று நினைத்தால் உங்களுக்கு ராபர்ட் ஸெமெக்கிஸைத் தெரியாது! 'காஸ்ட் அவே'க்காக டாம் ஹாங்க்ஸ் இளைத்துக்கொண்டிருந்த அந்த கேப்பில், கேமராமேன் டான் பர்கெஸ் உட்பட அதே யூனிட்டை வைத்து 'வாட் லைஸ் பினீத்' என்ற முழுப் படத்தையே முடித்துவிட்டார் மனிதர். ரிலீஸிலும் இதுதான் முந்தியது: 2000 ஜூலை. ஹாங்க்ஸ் டிசம்பரில்தான் கரை சேர்ந்தார்.

கதையா? எல்லாம் பழகிய சரக்குதான். ஏரிக்கரை வீடு, பேராசிரியர் கணவர், மகளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டு வெறிச்சோடிய வீட்டில் உலாவும் மனைவி, கூடவே ஒரு பேய். பக்கத்து வீட்டில் ஏதோ மர்மம் என்று மனைவி பைனாகுலரை எடுக்கிறாள். ஹிட்ச்காக் 1954-லேயே 'ரியர் விண்டோ'வில் செய்து காட்டியது. ஹிட்ச்காக் பாணியில், அவர் காலத்தில் இல்லாத கருவிகளோடு ஒரு படம் எடுப்பதே ஸெமெக்கிஸின் ஆசை. மறைக்கவே இல்லை!

அந்த வீட்டைப் பார்த்து ஏங்காதீர்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில், படத்துக்காகவே எழுப்பிய செட் அது.

இனி பாத்ரூமுக்கு வருவோம் (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). மருந்தின் பிடியில், மனைவியாக வரும் மிஷெல் ஃபைஃபர் அசையாமல் தொட்டிக்குள் கிடக்கிறார். குழாய் திறந்திருக்கிறது. தண்ணீர் ஏறுகிறது, சாவகாசமாக. கத்தியில்லை, துரத்தலில்லை, நடிப்பதற்கு அவருக்கு மிச்சம் கண்கள் மட்டும்தான். பேய் வரும் காட்சிகளைவிட இங்கேதான் மூச்சு முட்டுகிறது. இன்னொரு குறும்பு: அவர் தரையில் கிடக்கும்போது கேமரா தரைக்குக் கீழே இறங்கி, கண்ணாடித் தளம் போல ஊடுருவி அவர் முகத்தை அண்ணாந்து பார்க்கும்! கேமரா நிஜமாகவே இறங்கியதா, கம்ப்யூட்டர் வித்தையா என்று யோசிப்பதற்குள் காட்சி முடிந்துவிடும்.

பெரிய தந்திரம் என்னைக் கேட்டால், கணவராக வரும் ஹாரிசன் ஃபோர்டுதான். கணவர்மேல் சந்தேகம் வருவது இந்த வகைப் படத்தில் எழுதாத சட்டம். ஆனால் இண்டியானா ஜோன்ஸாக நடித்தவரையா சந்தேகப்படுவது? அவர் முகத்தின் மேல் நமக்கிருக்கும் இருபது வருஷத்து நம்பிக்கையைச் சுளையாகக் கடன் வாங்கிக்கொள்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பேய் யார், கணவர் என்ன மறைத்தார் என்பதையெல்லாம் டிரெய்லரே போட்டு உடைத்துவிட்டது. ஸெமெக்கிஸ் அலட்டிக்கொள்ளவில்லை, என்ன கிடைக்கும் என்று தெரிந்தால்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்பது அவர் கட்சி. உலகம் முழுக்க வசூல் சுமார் 29 கோடி டாலர்!