வாகனப் புகையும் வணிகர் உடல்நலமும்

திண்டுக்கல் ரத வீதிகளிலோ பழனி சாலையிலோ கடை வைத்திருக்கும் வணிகர் காலை ஏழு மணிக்குக் கடை திறந்தால், பூட்டுவதற்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. வண்டியில் போகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் வீதியைக் கடந்து விடுவார்கள். நாம் மட்டும் சாலையோரத்திலேயே நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறோம். ஆகவே வாகனப் புகையைப் பற்றி மற்றவர்களைவிட நாம்தான் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதுரை, திருச்சி, கரூர், பழனி, நத்தம், வத்தலக்குண்டு என்று நாலா பக்கத்துச் சாலைகளும் கூடும் ஊர் நம்முடையது. புறவழிச்சாலை வந்தபின் வெளியூர் லாரிகள் பல ஊருக்குள் வராமலே போய்விடுகின்றன. ஆனால் வெங்காயம், பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவை கடை வாசலுக்கு வந்துதானே இறங்க வேண்டும்?

மாலையானால் தொண்டை கரகரக்கிறது; மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 'மிளகாய் நெடி, மூட்டைத் தூசி' என்று சொல்லிவிட்டு ஒரு மாத்திரையோடு நிறுத்திக்கொள்கிறோம். அவையும் கெடுதல்தான், ஆஸ்துமா உள்ளவர்களை அவையும் வாட்டும். ஆனால் பெரிய தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, தும்மலிலும் சளியிலும் வெளியேறிவிடும். டீசல் புகையின் கரித்துகள் அப்படியல்ல. தலைமுடியின் கனம் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான். இத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அவை நுரையீரலின் அடிவரை சென்று காற்றுப் பைகளில் படிகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இதனால் மூச்சுக்குழல் வீங்கிச் சுருங்குகிறது, ஆஸ்துமா மிகுகிறது, மாரடைப்பு அபாயமும் கூடுகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவால் டெல்லி நகரப் பேருந்துகள் 2002-க்குள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்து, டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஆனால் பி.எஸ்.6 என்ஜின் புதிய வண்டிகளுக்குத்தான். நம் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் பழைய வண்டி பழைய என்ஜினோடுதான் ஓடுகிறது.

எனவே நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம்.

1. லோடு இறக்கும்போது என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். 'பாட்டரி சரியில்லை, மறுபடி ஸ்டார்ட் ஆகாது' என்று டிரைவர் சொல்வார். அடுத்த லோடுக்குள் பாட்டரியை மாற்றும்படி வண்டி உரிமையாளரிடம் சொல்ல, வாடகை கொடுக்கும் நமக்கு உரிமை உண்டு. டீசலும் மிச்சமாகும்.

2. நம் சொந்த வண்டிக்குப் புகைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகி ஓராண்டு கடந்த வண்டிக்கு இது கட்டாயம். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஓராண்டும், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதமும் செல்லுபடியாகும். காற்று வடிகட்டியையும் உரிய காலத்தில் மாற்றுங்கள்.

3. இரவில் அட்டைப்பெட்டியையும் பிளாஸ்டிக் உறையையும் வாசலில் கொளுத்தாதீர்கள். வண்டிப் புகையைக் குறை சொல்லிக்கொண்டு நாமே புகை போடுவது நியாயமாகாது.

4. கைக்குட்டை கட்டினால் பெரிய தூசிதான் தடுபடும். நுண்துகளுக்கு என்-95 முகக்கவசம் வேண்டும். சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கும் வாங்கிக் கொடுங்கள். பாரம் தூக்குகிறவர் நம்மைவிட அதிகமாக மூச்சிழுக்கிறார்.

மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஒரு குழாயில் ஊதியே சோதித்துவிடலாம். மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் 'பழக்கமாகிவிடும்' என்று பயந்து ஒதுக்க வேண்டாம். மருந்து நேராக மூச்சுக்குழலுக்குப் போவதால் மிகக் குறைந்த அளவே போதும்.

கடையில் சரக்கு குறைந்தால் நாளைக்கே வாங்கி அடுக்கிவிடலாம். கெட்டுப்போன நுரையீரலுக்கு மாற்றுச் சரக்கு எந்த மண்டியிலும் கிடைக்காது. நாளை வரும் முதல் வண்டியிலிருந்தே என்ஜினை நிறுத்தச் சொல்லத் தொடங்குவோம்.