உங்களுக்குத் தெரியுமா? மை கலந்த மழையும் மாடு மேய்ந்த காட்சியும்

'வாழ்க்கையில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய படங்கள்' என்று யாராவது பட்டியலை நீட்டினால் பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். கறுப்பு வெள்ளை, தெரியாத மொழி, மூன்று மணி நேரம்... பரீட்சைக்குப் படிக்கச் சொல்கிறீர்களா என்பார்கள். அந்தப் பயமே வேண்டாம். உலகம் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற படங்களில் பல, கையில் காசில்லாமல், நாள் போதாமல், வெயிலோடும் மழையோடும் மல்லுக்கட்டி எடுத்தவை. அந்தத் திண்டாட்டம் தெரிந்தால், எந்தக் காட்சியில் கண்ணை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

◆ ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950), இடிந்துபோன நகர வாசலில் கொட்டுகிற மழையோடு தொடங்குகிறது. மேகம் மூடிய வானத்துக்கு முன்னால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சினால் கேமராவில் மழை தெரியவே இல்லை. தீயணைப்புக் குழாயில் வரும் தண்ணீரில் கறுப்பு மையைக் கலந்து அடித்தார்கள். கனத்த கோடுகளாக விழுகிறதே அந்த மழை, அது அத்தனையும் மை.

ஷூட்டிங்குக்கு முன்பு உதவி இயக்குநர்கள் மூன்று பேர் குரோசாவாவிடம் போய், 'ஸ்கிரிப்ட் புரியவில்லை, விளக்குங்கள்' என்று கேட்டார்கள். படம் எடுத்த கம்பெனியின் முதலாளிக்கும் புரியவில்லை. 1951-ல் வெனிஸ் திரைப்பட விழாவுக்கு இந்தப் படம் போன சேதியே குரோசாவாவுக்குத் தெரியாது. வேறொரு படம் தோற்ற சோகத்தில் மீன் பிடிக்கப் போனவர், தூண்டில் நரம்பும் அறுந்து வெறுங்கையோடு வீடு திரும்பினால், வாசலிலேயே மனைவி வாழ்த்துச் சொல்கிறார். எதற்கு என்று விழித்தாராம். விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் கிடைத்திருந்தது!

◆ ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் 'ராஷோமோன்' சாயலில் தமிழில் வந்த படம் 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பாட்டுக்காகவே படம் ஓடிய காலத்தில் ஏவி.எம். இப்படி ஒன்றைத் தயாரித்தது என்பதை இன்று நினைத்தாலும் ஆச்சரியம்தான். 1943-ல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்ததை ஒட்டி நடக்கும் கதை. படம் ஆரம்பித்த கையோடு கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாகிறார். மிச்சப் படம் முழுக்க அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் கதைகள்தான். அந்த வேடத்துக்கு முதலில் வேறு நடிகரைப் போட்டு, சரிவராமல், பிறகுதான் சிவாஜி வந்தார்.

'ராஷோமோன்' கடைசிவரை உண்மையைச் சொல்லாது. 'அந்த நாள்' சொல்லிவிடும். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடிகை பண்டரிபாய் வாயைத் திறந்து பேசும் அந்தக் கடைசிப் பகுதிக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். பாட்டே வைக்காத இந்தப் பாலசந்தர்தான் பிற்பாடு 'வீணை' பாலசந்தர் என்று உலகம் சுற்றியவர்.

◆ இந்திய சினிமாவில் ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவரிடம் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை (1955) நீட்டலாம். ராய் அப்போது கல்கத்தாவில் விளம்பரக் கம்பெனி ஊழியர். 1950-ல் அலுவலக வேலையாக லண்டன் போனபோது 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்தவர், தொழில்முறை நடிகர்கள் இல்லாமல் தெருவிலேயே படம் எடுக்க முடியும் என்று முடிவு கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். கேமராமேன் சுப்ரதா மித்ராவுக்கு வயது 21. அதற்கு முன் சினிமா கேமராவைக் கையால் தொட்டதில்லை.

1952 அக்டோபரில் ஷூட்டிங். வெள்ளை வெளேரென்று பூத்த நாணற்காட்டில் அக்கா துர்காவும் தம்பி அப்புவும் ரயிலைப் பார்க்க ஓடும் காட்சிதான் முதல் வேலை. வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கேமரா ஓடும். ஒரு ஞாயிறு பாதி எடுத்தாயிற்று. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் பூ மொத்தத்தையும் மாடுகள் மேய்ந்து முடித்திருந்தன. மறுபடி பூக்க அடுத்த பருவம் வரை காத்திருந்தார்கள். உலக சினிமாவின் அழகான காட்சிகளில் ஒன்று என்று சொல்கிறோமே, அதன் முதல் ரசிகர்கள் அந்த மாடுகள்தான்.

மிட்டாய்க்காரர் காவடி தூக்கிப் போக, பின்னால் குழந்தைகளும் நாயும் வரிசையாகப் போகும் காட்சி நினைவிருக்கிறதா? நாய் நகரவே மறுத்தது. துர்காவாக நடித்த சிறுமி முதுகுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல், ஒரு இனிப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகுதான் நாய்க்கு நடிப்பு வந்தது. பணம் தீர்ந்து ஷூட்டிங் நின்ற இடைவெளியில் மிட்டாய்க்காரராக நடித்தவர் இறந்துபோனார். உடல்வாகு ஒத்த இன்னொருவரைப் பிடித்து, முதுகை மட்டும் காட்டி எடுத்தார்கள். மூங்கில் புதரிலிருந்து வெளியே வருபவர் ஒருவர், பக்கத்து வீட்டு வாசலுக்குள் நுழைபவர் வேறொருவர். சொன்னால்தான் தெரியும்.

ராய் தன் இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார், இசைத்தட்டுகளை விற்றார், மனைவியின் நகையும் போயிற்று. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. எந்தக் கணக்கில் என்கிறீர்கள்? சாலை மேம்பாடு! படத்தின் பெயரில் 'பாதை' இருந்ததே, அது போதும். இழுத்தடித்த இந்த இரண்டரை வருடத்தில் மூன்று நல்ல காரியங்கள் நடந்ததாக ராய் பிற்பாடு சொல்வார்: அப்புவுக்குக் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, பாட்டி சாகவில்லை. அந்தப் பாட்டி சுனிபாலா தேவி, எண்பதை எட்டிய பழைய நாடக நடிகை. சம்பளம் நாளுக்கு 20 ரூபாய்.

இசை பண்டிட் ரவிசங்கர். அவருக்கு நேரமில்லாததால் ஒரே இரவில் உட்கார்ந்து வாசித்து முடித்தார்கள். வெளியூரிலிருந்து திரும்பிய அப்பா, மகளுக்கு வாங்கி வந்த புடவையை எடுத்துக் காட்டுவார். மகள் செத்துப்போனது அவருக்குத் தெரியாது. அம்மா வாய்விட்டு அழுவாள். ஆனால் அழுகைச் சத்தம் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் வில் போட்டு இழுக்கும் தார் ஷெனாய் மட்டும் உச்சத்தில் கதறும். படத்தில் எதைத் தவறவிட்டாலும் இந்த அரை நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்.

1993-ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் இதன் நெகட்டிவ் கருகியது. கருகியதில் மிஞ்சியதையும் மற்ற நாடுகளில் இருந்த பிரதிகளையும் சேர்த்துச் சீர்செய்து 2015-ல் மறுபடி வெளியிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது அந்தப் பிரதி.

◆ ராயைக் கிறுக்காக்கிய 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தில் சைக்கிளைப் பறிகொடுக்கும் நாயகன் நிஜத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. சிறுவன், ஷூட்டிங் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் நின்றவன். ஹாலிவுட்டில் 'கான் வித் த விண்ட்' எடுத்த டேவிட் செல்ஸ்னிக், 'கேரி கிராண்டைப் போடுங்கள், பணம் நான் தருகிறேன்' என்று இயக்குநர் விட்டோரியோ டி சிகாவிடம் சொல்லிப் பார்த்தார். கோட்டு சூட்டுக்குப் பேர்போன கேரி கிராண்ட் ரோம் சந்தையில் சைக்கிள் தேடி அலைவதைக் கற்பனை செய்து பாருங்கள்! நல்லவேளை, நடக்கவில்லை. மழைக்கு ஒதுங்கும் இளம் பாதிரி மாணவர்களில் ஒருவர், பின்னாளில் 'த குட், த பேட் அண்ட் தி அக்லி' எடுத்த செர்ஜியோ லியோனே.

◆ பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கும். 1952-ல் முதலிடம் 'பைசிக்கிள் தீவ்ஸ்'. 1962 முதல் 2002 வரை அசையாமல் 'சிட்டிசன் கேன்'. 2012-ல் 'வெர்டிகோ'. 2022-ல் பெல்ஜிய இயக்குநர் சாந்தால் அக்கர்மானின் 'ழான் டீல்மான்'. ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் பொறுமையாகக் காட்டும் 201 நிமிடப் படம். இதில் ஒரு வேடிக்கை: 'கேன்' எடுக்கும்போது ஆர்சன் வெல்ஸுக்கு வயது 25. அக்கர்மானுக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

◆ 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் கேமராவைத் தரையோடு தரையாக வைக்க வேண்டும் என்பதற்காக செட்டின் தரையையே வெட்டினார்கள். மேலே தெரியும் கூரை வெறும் மஸ்லின் துணி. மைக்கை அதற்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள். ஆஸ்கருக்கு ஒன்பது பரிந்துரை, கிடைத்தது திரைக்கதைக்கு மட்டும் ஒன்று.

◆ ஊமைப்படக் காலம் முடிந்த பிறகும் சாப்ளின் பிடிவாதமாக 'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தைப் பேச்சில்லாமல் எடுத்தார். பூ விற்கும் பார்வையற்ற பெண், சாப்ளின் நடிக்கும் நாடோடியைப் பணக்காரன் என்று நினைக்க வேண்டும். எப்படி? இதற்கு விடை கிடைக்காமல் சாப்ளின் தவித்தார். அந்தச் சந்திப்பை 342 தடவை எடுத்ததாகக் கின்னஸ் கணக்கு. கடைசியில் கிடைத்த யோசனை கார்க் கதவு. வழி மறித்து நிற்கும் காருக்குள் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறான். கதவு சாத்தும் சத்தம் கேட்டு அவள் பூவை நீட்டுகிறாள். பேசாத படத்தில், நம் காதில் விழாத ஒரு சத்தத்தின் மேல் மொத்தக் கதையும் நிற்கிறது.

◆ 1928-ல் வந்த 'த பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் மூல நெகட்டிவ் எரிந்தது. மிச்சத்தை வைத்து இயக்குநர் டிரேயர் இரண்டாவதாக ஒரு பிரதி தயாரித்தார், அதுவும் எரிந்தது. 1968-ல் அவர் காலமானார். 1981-ல் ஆஸ்லோ அருகே ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் முழுப் படமும் டப்பா டப்பாவாகக் கிடைத்தது.

◆ நடுவர்கள் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வாதாடும் '12 ஆங்ரி மென்' (1957), சிட்னி லூமெட்டின் முதல் சினிமா. மூன்று வாரத்துக்குள் எடுத்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் லைட்டை மாற்றினால் கட்டுப்படியாகாது என்று, ஒரு நாற்காலிப் பக்கம் லைட் போட்டால் அந்தப் பக்கத்து வசனங்கள் அத்தனையையும் கதை வரிசை பார்க்காமல் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். பேசுபவர் ஒரு நாள், பதில் சொல்பவர் இன்னொரு நாள்!

இன்னொன்றைக் கவனியுங்கள். தொடக்கத்தில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுவில் கண் மட்டம். முடிவு நெருங்க நெருங்கக் கீழே இறங்கிவிடும். கூரை தெரியத் தொடங்கும். லென்ஸும் மாறிக்கொண்டே போவதால் சுவர்கள் கிட்டே வருவதுபோல இருக்கும். நமக்கு ஏன் புழுங்குகிறது என்பதற்கு அறையில் ஓடாமல் நிற்கும் மின்விசிறி மட்டும் காரணமில்லை. படம் முடியும்வரை யாருக்கும் பெயர் கிடையாது. வெளியே படிக்கட்டில் இரண்டே இரண்டு பேர் பெயர் சொல்லிக்கொள்வார்கள்.

◆ 'காஸாபிளாங்கா'வில் (1942) பியானோ வாசிப்பவருக்கு நிஜத்தில் பியானோ தெரியாது; அவர் டிரம்ஸ் கலைஞர். நாஜி அதிகாரியாக மிரட்டும் கான்ராட் ஃபைட், யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். படத்தின் பிரபலமான பாட்டை இசையமைப்பாளர் மாற்ற விரும்பினார். இங்கிரிட் பெர்க்மன் அடுத்த படத்துக்காக முடியை வெட்டிவிட்டதால் அந்தப் பாட்டு வரும் காட்சிகளை மறுபடி எடுக்க வழியில்லை. பாட்டு தப்பியது.

◆ தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு படம் டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' (1957). கதை நடப்பது தாய்லாந்தில். எடுத்தது இலங்கையின் கித்துல்கலவில். பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கும் காட்சியில், பாதுகாப்பாக ஒதுங்கிவிட்டதற்கு ஒவ்வொரு கேமராமேனும் ஒரு விளக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு விளக்கு எரியவில்லை. வெடி நிறுத்தப்பட்டது. ஓட்டுநர் குதித்துவிட்ட ரயிலோ நிற்காமல் பாலத்தைக் கடந்து அக்கரையில் ஒரு ஜெனரேட்டரில் போய் மோதியது. ரயிலைத் திரும்ப இழுத்து வந்து மறுநாள் எடுத்தார்கள்.

அந்த ஷூட்டிங்கை வேடிக்கை பார்த்தவர்களில் பள்ளிச் சுற்றுலா வந்த மட்டக்களப்புப் பையன் ஒருவன். இயக்குநர் 'மழை' என்றார், உடனே மழை கொட்டியது. அந்த நொடியில் நானும் இயக்குநராவது என்று முடிவெடுத்தேன் எனப் பின்னாளில் பாலு மகேந்திரா சொன்னார். நமக்கு அவருடைய 'வீடு' படம் கிடைத்த கதை அங்கே தொடங்குகிறது.

திரைக்கதை எழுதிய இருவரும் கம்யூனிஸ்ட் சந்தேகத்தில் ஹாலிவுட்டின் தடைப்பட்டியலில் இருந்தவர்கள். அதனால் ஆஸ்கர், நாவலாசிரியர் பியர் பூலுக்குப் போனது. அவர் பிரெஞ்சில் எழுதுபவர்! எழுதியவர்களுக்கு உரிய பரிசு, இருவரும் காலமான பிறகுதான் கிடைத்தது. ஒரு வருத்தமும் உண்டு. நிஜமான அந்த மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். படத்தில் அவர்கள் இல்லை.

◆ 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) பனி கொட்டும் கிறிஸ்துமஸ் படம். எடுத்ததோ கோடையில். அதுவரை சினிமாப் பனி என்றால் வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸ். மிதித்தால் நறநறவென்று வசனத்தையே மூடிவிடும். இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையில் சோப்பைக் கலந்து சத்தமில்லாத பனியைக் கண்டுபிடித்தார்கள். படம் தியேட்டரில் சுமார்தான். 1974-ல் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட, டிவிக்காரர்கள் வருடா வருடம் ஓசியில் போட்டுப் போட்டே அதைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள்.

◆ ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் கொலை ஒரு நிமிடம்கூட வராது; எடுக்க ஏழு நாள் ஆனது. ரத்தம், சாக்லேட் சிரப். அங்கே இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் சொல்ல, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் வயலின்களைக் கிறீச்சிட வைத்தார். கேட்டதும் இயக்குநர் கட்சி மாறிவிட்டார். கத்தி இறங்கும் சத்தத்துக்கு விதவிதமான முலாம்பழங்களை வாங்கி வந்து அவர் முன்னால் ஒவ்வொன்றாகக் குத்திக் காட்டினார்கள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னது ஒரே ஒரு வார்த்தை, அதுவும் பழத்தின் ரகம்: "காசாபா."