வாப்பும்மாவின் கண்ணும் வாப்பாவின் சிகரெட்டும்

இறக்குவானையில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் வாப்பாவுக்குக் கண்தான் மூலதனம். அவரைப் பெற்ற வாப்பும்மாவுக்கோ இப்போது எங்கள் முகத்தின் நடுப்பகுதி தெரிவதில்லை. விழித்திரையின் மையமான மக்கியூலா வயதோடு சிதைவதே காரணம் என்றார் கண் டொக்டர்.

இந்நோயில் பரம்பரைக்கும் பங்குண்டு. 1ஆம் நிறமூர்த்தத்திலுள்ள சீ.எப்.எச். என்ற பரம்பரையலகு, நோயெதிர்ப்பு அளவு மீறாமல் தடுக்கும் புரதத்தை ஆக்குகிறது. அதன் ஒரு மாறுபட்ட வடிவம் ஆபத்தைக் கூட்டுவதை 2005இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

ஆனால் அவ்வடிவம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. புகைத்தல் ஆபத்தை மேலும் பெருக்குகிறது. பரம்பரையலகை மாற்ற முடியாது; சிகரெட்டை விட முடியும்.

இதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு புகைக்க முற்றத்துக்குப் போகவில்லை.

தோழியரே, உங்கள் வீட்டு மூத்தோரை ஒவ்வொரு கண்ணாக மூடிக் கதவு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்கோடு வளைந்து தெரிந்தால் தாமதியாது டொக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.