கணினிக்கும் காவல் வேண்டும்

2018-ம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடக் கதவணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதைத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள். அணை எவ்வளவு நீளமாயினும், வலுவிழந்த இடத்தில்தான் வெள்ளம் வழி கண்டுகொள்கிறது. இன்று பட்டா, பாங்குக் கணக்கு, ஊராட்சியின் வரவு செலவு ஆகிய யாவும் கணினியில் ஏறிவிட்டன. இவற்றைக் காக்க நாடு எழுப்பிவரும் அரண் எந்த அளவு வளர்ந்துள்ளது, அதில் கிராமத்தின் பங்கு யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தகவல் தொழில் நுட்பச் சட்டம் 2000-ம் ஆண்டில் இயற்றப்பட்டது. கணினித் தாக்குதல்களைக் கவனிக்க 2004-ல் ஒரு தேசிய அவசரக் குழு அமைந்தது. 2013 ஜூலையில் தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கை வெளியாயிற்று. மின்சாரம், பாங்கு, போக்குவரத்து முதலிய இன்றியமையாத் துறைகளின் கணினிகளைக் காக்க 2014-ல் தனி மையம் ஏற்பட்டது. புதிய கொள்கை வகுக்கப்படும் எனப் பிரதமர் 2020-ம் ஆண்டுச் சுதந்திர தின உரையில் அறிவித்தார். அவ்வாண்டிலேயே தமிழக அரசும் தனக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. கணினித் தாக்குதல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்திற்குள் தேசியக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டுமென நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலில் உத்தரவு பிறந்தது.

இவை யாவும் நல்ல முன்னேற்றமே. ஆயினும், தலைநகரில் கட்டிய அரண் கிராமத்தில் உடையக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் உதவித் திட்டத்தில், 2020-ம் ஆண்டு தமிழகத்தில் தகுதியற்றவர்கள் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். 110 கோடி ரூபாய் முறைகேடாக வழங்கப்பட்டதென அரசே அறிவித்தது. அலுவலர்களுக்குரிய கடவுச்சொற்கள் வெளியார் கைக்குப் போனதே இதற்கு வழி திறந்தது. பூட்டு உறுதியாகவே இருந்தது, சாவிதான் கைமாறிற்று.

பணத்தை இழந்தவர் செய்யத்தக்கது யாது? 1930 என்னும் எண்ணுக்கு உடனே தொலைபேசி செய்தல் வேண்டும். திருடப்பட்ட பணம் நிமிஷங்களில் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். புகார் விரைந்து வந்தால், பாங்குகள் அதனை இடையிலேயே நிறுத்திவைக்க இயலும். தாமதித்தால் மீட்பது அரிது. திருச்சி மாநகரிலும் மாவட்டத்திலும் இதற்கெனத் தனிக் காவல் நிலையங்களும் உள்ளன.

யாத்திரிகர்களும் எச்சரிக்கையாயிருத்தல் நலம். தலயாத்திரை செல்வோரைப் போலி முன்பதிவுத் தளங்கள் ஏமாற்றுவதாக 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை எச்சரித்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வரும் உறவினருக்கு, அறைக்கு முன்பணம் அனுப்புமுன் விடுதியை நன்கு விசாரிக்கும்படி நாம் சொல்லிவைக்கலாம்.

அந்தநல்லூர், மணிகண்டம் வட்டார விவசாயிகளாயினும் பிற ஊராராயினும் கைக்கொள்ள வேண்டிய விதிகள் சிலவே. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்பவர் பணத்தை எடுக்கவே கேட்கிறார். அரசு உதவியின் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் செயலிகளைத் திறக்கவேண்டாம். ஊராட்சியின் மின்கையொப்பக் கருவி, அதற்குரியவரிடமே இருத்தல் வேண்டும். வசதி கருதிக் கணினி மையத்தில் விட்டுவைப்பது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்த கிராம சபையில் இவ்விஷயத்திற்குக் கால்மணி நேரம் ஒதுக்கி, 1930 என்னும் எண்ணை ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம் ஆகிய இடங்களில் எழுதிவைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். செலவு ஒரு டப்பா வர்ணம். காக்கப்படுவதோ ஓர் உழவரின் ஓராண்டு உழைப்பு.