விமானத்தில் குழந்தைக்கென ஓர் இருக்கை

விமானத்தின் பயணியர் இருக்கையும் அதில் பொருத்தப்பட்ட சீட் பெல்ட்டும் வளர்ந்த மனிதரின் உடலளவைக் கருதி வடிவமைக்கப்பட்டவை. ஒன்று முதல் மூன்று வயது வரையிலான, நடைபழகி ஓடத் தொடங்கிவிட்ட குழந்தை அந்த அளவுக்குள் அடங்குவதில்லை. பெரியவர்களுக்கான பட்டை இடுப்பில் சரியாகப் படிந்து நிற்கும் அளவுக்கு அதன் உடல் வளர்ந்திருக்காது, மடியில் நெடுநேரம் ஒடுங்கிக் கிடக்க அதன் மனமும் இணங்காது. சென்னையிலிருந்து லண்டன் செல்ல 10 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வளைகுடா நாடுகளின் வழியாக டொரன்டோ செல்வதற்கு ஏறத்தாழ ஒரு முழுநாள் வேண்டியிருக்கிறது. பேரக்குழந்தைகள் தாத்தா பாட்டியைப் பார்க்க இத்தகைய தொலைவுகளைக் கடந்து வருவது தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாகிவிட்ட நிலையில், வானில் குழந்தையை எங்கே, எப்படி அமரவைப்பது என்பது பெற்றோர் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே தெளிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும்.

கைகள் ஏன் போதா?

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டால் அதற்கு மேல் பாதுகாப்பு இல்லை என்று தோன்றுவது இயல்பே. ஆனால் விமானம் திடீரென வேகம் குறையும்போது, அதனுள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் முன்பிருந்த வேகத்திலேயே தொடர்ந்து செல்ல முற்படுவதால், அப்பொருளைத் தடுத்து நிறுத்த அதன் எடையைப் போலப் பல மடங்கு விசை தேவைப்படுகிறது. புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை என்பதை 'ஜி' என்னும் அலகால் குறிப்பர். இக்காலப் பயணியர் விமானங்களின் இருக்கைகள், முன்னோக்கிய திசையில் 16 ஜி விசையைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கப்பட்ட பின்னரே அனுமதிக்கப்படுகின்றன. அந்த அளவு விசையில் 10 கிலோ எடையுள்ள குழந்தை, ஒரு கணத்திற்கு 160 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்கும் கைகள் எவருக்கும் இல்லை. தாயின் அன்புக்கோ தந்தையின் உடல்வலிமைக்கோ இதில் குறை சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

விபத்து அரிது, காற்றுக் கொந்தளிப்போ அவ்வளவு அரிதன்று. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் நோக்கிச் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வான்பரப்பில் கடுமையான கொந்தளிப்பில் சிக்கிப் பாங்காக்கில் தரையிறங்கியது. பயணி ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். சிங்கப்பூரின் விசாரணை அமைப்பு வெளியிட்ட முதற்கட்ட முடிவுகளின்படி, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் விமானத்தின் செங்குத்து முடுக்கம் எதிர்த்திசைக்கு மாறி 1.5 ஜி அளவை எட்டியதால் பட்டை அணியாதவர்கள் இருக்கையை விட்டு மேலே எழும்பினர். அடுத்த 4 நொடிகளுக்குள் விசை மீண்டும் நேர்த்திசைக்கு மாறியபோது அவர்கள் கீழே விழுந்தனர். தூங்கும் குழந்தையின் பட்டையைத் தேடி மாட்டுவதற்கு இந்த நேரம் போதாது. ஆகவே அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் பட்டை பூட்டியே இருக்க வேண்டும் என்னும் விதி, பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது.

இரண்டு வயது என்னும் எல்லை

பெரும்பாலான நாடுகளில் 2 வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துப் பயணம் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. 2 வயது நிரம்பினால் தனி இருக்கை கட்டாயம். செல்லும்போது 2 வயது நிரம்பாமல் இருந்து, வெளிநாட்டில் தங்கியிருக்கும் நாட்களில் பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும் பயணத்திற்குப் பொதுவாகத் தனிச்சீட்டு எடுக்க வேண்டும். இவ்வெல்லை கட்டணத்தையும் நடைமுறை வசதியையும் ஒட்டி எழுந்ததே தவிர, 23 மாதக் குழந்தைக்கும் 25 மாதக் குழந்தைக்கும் இடையே விசை எந்த வேறுபாட்டையும் பார்ப்பதில்லை.

இவ்விதியை மாற்ற வேண்டும் என்னும் கோரிக்கைக்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. 1989 ஜூலை 19 அன்று, 296 பேருடன் டென்வரிலிருந்து சிகாகோவுக்குச் சென்றுகொண்டிருந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம், வால்பகுதி எஞ்சின் சிதைந்ததால் கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்கும் திரவ அழுத்தம் முழுவதையும் இழந்து, அயோவா மாநிலத்தின் சூ சிட்டி நகரில் நொறுங்கி விழுந்தது. அதில் மடிக்குழந்தைகளாக நால்வர் இருந்தனர். அன்றைய கையேடு கூறியவாறே, குழந்தைகளைத் தரையில் போர்வைகளுக்கு இடையே கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் பெற்றோரிடம் கூறினார். அந்நால்வரில் ஒரு குழந்தை உயிரிழந்தது. அதன் பின்னர் பல்லாண்டுகள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் உரிய பட்டையும் வேண்டும் என்று அவர் ஓயாமல் வலியுறுத்தி வந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 1990இலேயே இதைப் பரிந்துரைத்தது.

வானூர்திப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ. இதைக் கட்டாயமாக்கவில்லை. தனிச்சீட்டுக் கட்டணம் சுமத்தப்பட்டால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் செல்லத் தொடங்கும், சாலைப் பயணத்தில் விபத்து வாய்ப்பு மிகுதி என்பதால் மொத்தத்தில் உயிரிழப்பு கூடும் என்பது அதன் வாதம். சாலை வழியாகவும் செல்லக்கூடிய உள்நாட்டுத் தொலைவுகளில் இவ்வாதத்துக்கு வலு உண்டு. கடல் கடந்து செல்லும் பயணத்தில் காருக்கு இடமே இல்லை என்பதால் அங்கே அது பொருந்தாது. மேலும், கட்டாயமாக்காத அதே அமைப்புதான், குழந்தைக்கு மிகப் பாதுகாப்பான இடம் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையே, பெற்றோரின் மடியன்று என்று தொடர்ந்து அறிவுறுத்தி வருகிறது.

எந்தக் குழந்தைக்கு எந்தப் பட்டை?

முதலாவது வழி, காரில் பயன்படுத்தும் குழந்தை இருக்கையான கார் சீட்டையே விமான இருக்கையில் வைத்து, அதன் பட்டையால் இறுகக் கட்டுவது. எல்லாக் கார் சீட்டுகளும் இதற்கு ஏற்றவை அல்ல. அமெரிக்கத் தயாரிப்பாயின், வாகனத்திலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்றளிக்கப்பட்டது என்னும் வாசகம் சிவப்பு எழுத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சிக்கன வகுப்பு இருக்கைகள் குறுகியவை ஆதலால், ஏறத்தாழ 16 அங்குலத்துக்கு மேற்படாத அகலமுள்ளவையே அவற்றில் எளிதாகப் பொருந்தும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு இடையே ஒன்று என ஐந்து முனைகளில் பிடிக்கும் பட்டைகள் விசையை உடலின் வலுவான பகுதிகளுக்குப் பகிர்ந்தளிப்பதால், கழுத்தும் வயிறும் காக்கப்படுகின்றன. குழந்தையை உயர்த்தி உட்காரவைக்க மட்டுமே உதவும் பூஸ்டர் வகை இருக்கைகள், தோள்பட்டை இல்லாத விமான இருக்கையில் பயன்படுவதில்லை. புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் அவற்றுக்கு அனுமதியும் இல்லை.

இரண்டாவது வழி, 2006இல் எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த 'கேர்ஸ்' என்னும் பட்டைத் தொகுதி. 10 முதல் 20 கிலோ வரை எடையும் ஒரு மீட்டருக்கு மேற்படாத உயரமும் உடைய, தானாக நிமிர்ந்து உட்காரக்கூடிய குழந்தைகளுக்கானது இது. அரைக் கிலோ அளவே எடையுள்ளதால் கைப்பையில் அடங்கிவிடும். இதன் சிவப்புப் பட்டையை இருக்கையின் முதுகுப்பகுதியைச் சுற்றிப் பொருத்தி இறுக்க வேண்டும். பின்னால் இருப்பவரின் உணவுத் தட்டைச் சற்றே இறக்கிவிட்டு, பட்டை அதன் அடியில் படிந்தபின் தட்டை மூடலாம். முன்புறம் தொங்கும் இரு தோள்பட்டைகளின் கீழ்முனையிலுள்ள வளையங்களில் விமானத்தின் இடுப்புப் பட்டையை நுழைத்துப் பூட்டி, மார்புக்கு நடுவே கொக்கியை மாட்டினால், இடுப்பை மட்டும் பிடித்த பட்டை தோள்களையும் பிடிக்கத் தொடங்குகிறது. குழந்தைகளுக்கு இடுப்பெலும்பின் முன்விளிம்பு நன்கு வளர்ந்திராததால், தனி இடுப்புப் பட்டை மேலேறி வயிற்றை அழுத்தக்கூடும். அந்த ஆபத்தை இத்தோள்பட்டைகள் பெரிதும் குறைக்கின்றன.

மூன்றாவது, மடிக்குழந்தையைப் பெரியவரின் பட்டையோடு இணைக்கும் சிறிய வளையப் பட்டை. கொந்தளிப்பில் குழந்தை தூக்கியெறியப்படாமல் இது தடுக்கும். ஆனால் விபத்தில் பெரியவரின் உடல் முன்னோக்கி மடங்கும்போது இடையில் சிக்கும் குழந்தை நசுங்கும் வாய்ப்பு உண்டு. இக்காரணத்தால் அமெரிக்கா இதை அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய நாடுகளோ மடிக்குழந்தைக்கு இதை அணிவிக்கச் சொல்கின்றன. கைக்குழந்தைகளுக்காக முன்வரிசைச் சுவரில் மாட்டப்படும் தொட்டில் தூக்கத்துக்கு வசதியே தவிரப் பாதுகாப்புக் கருவியன்று. அது விமானம் மேலேறிய பின்னரே மாட்டப்படும், நடைபழகிய குழந்தை அதன் எடை வரம்பை விரைவில் கடந்துவிடும்.

இடம் தேர்தல்

கார் சீட் பிறர் வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது என்பதால், அதைப் பொதுவாகச் சன்னலோரத்தில்தான் வைக்க வேண்டும். அவசர வழி வரிசைகளில் வைக்க முடியாது. சன்னலோரத்துக்கு வேறொரு நன்மையும் உண்டு. நடைவழியோர இருக்கையில் இருக்கும் குழந்தையின் கைகால்கள் உணவு வண்டியில் இடிபடுகின்றன, மேலே வைத்த பைகள் விழுவதும் சூடான பானம் கை மாறுவதும் அங்கேதான். காபியும் தேநீரும் கொட்டி ஏற்படும் தீப்புண், விமானத்தில் குழந்தைகளுக்கு நேரும் காயங்களுள் முக்கியமானது. ஆகவே குழந்தையின் தலைக்கு மேலாகச் சூடான கோப்பையை வாங்காதிருப்பதும், குழந்தை மடியில் இருக்கும்போது தட்டில் அதை வைக்காதிருப்பதும் பெற்றோர் தமக்கே விதித்துக்கொள்ள வேண்டிய கட்டுப்பாடுகள். தூங்கவைப்பதற்காகக் குழந்தையைக் காலடித் தரையில் கிடத்துவது சிலரிடம் காணப்படும் வழக்கம். அங்கே பட்டையும் இல்லை, மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடியும் எட்டாது.

அமர மறுக்கும் குழந்தை

பட்டை எவ்வளவு சிறந்ததாயினும், குழந்தை அதில் இருக்க இணங்கினால்தான் பயன் தரும். ஓடியாடுவது அந்த வயதின் இயல்பான தேவை. அதைப் பிடிவாதம் என்று கொள்வது பொருந்தாது. எனவே பயணத்துக்குச் சில நாட்கள் முன்பே அந்த இருக்கையையோ பட்டையையோ வீட்டில் நாற்காலியில் பொருத்தி, கதை கேட்கவும் இட்லி தின்னவும் அதில் அமரப் பழக்குவது, புதுப்பொருளின் அச்சத்தைப் போக்கிவிடும். இருவராகச் செல்லும் பெற்றோரில் ஒருவர் முதலில் ஏறி இருக்கையைப் பொருத்திவிட, மற்றவர் குழந்தையை விமான நிலையத்தில் நடக்கவிட்டுக் கடைசியாக அழைத்துவருவது, கதவு மூடும்வரை காத்துக் கிடக்கும் நேரத்தைக் குறைக்கும்.

பறக்கும் நேரத்தில் பட்டை விளக்கையே விதியாக்குவது நல்ல வழி. விளக்கு எரிந்தால் அப்பாவும் அம்மாவும் பூட்டிக்கொள்கிறார்கள், குழந்தையும் பூட்டிக்கொள்கிறது. விளக்கு அணைந்தால் கைபிடித்துச் சற்று நடந்து வரலாம். பெரியவர்கள் தாமே கடைப்பிடிக்கும் ஒழுங்கைக் குழந்தை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்; ஒருமுறை அழுகைக்கு இணங்கிப் பட்டையைக் கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்பதையே அது கற்றுக்கொள்ளும். விளையாட்டுப் பொருள்களை ஒரே நேரத்தில் கொடுக்காமல், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வெளியே எடுக்க வேண்டும். ஒட்டிப் பிரிக்கும் படங்களும் சிறு படப்புத்தகங்களும் இதற்கு ஏற்றவை.

உறங்கும்போது போர்வையைப் பட்டைக்கு மேலே போர்த்த வேண்டும், அடியில் அன்று. தடித்த துணி அடியில் இருந்தால் பட்டை இறுகியதுபோல் தோன்றினாலும் விசை வரும்போது தளர்ந்துவிடும். தரையிறங்கும்போது காதுக்குள் ஏற்படும் அழுத்த வேறுபாட்டை, விழுங்கும் செயல் சமன்செய்கிறது. ஆதலால் இறக்கம் தொடங்கியதும் பால், தண்ணீர் முதலியவற்றைச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை போன்றவை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை ஆதலால் பயணத்தில் அறவே தவிர்க்கத் தக்கவை. தூக்கம் வரவழைக்கும் எண்ணத்தில் சளி மருந்து கொடுப்பதும் கூடாது. சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாகப் படபடப்பை உண்டாக்கும், மூச்சையும் பாதிக்கலாம்.

கட்டாயம் இல்லை என்பதற்காகத் தேவை இல்லை என்று ஆகிவிடாது. தனிச்சீட்டு வாங்க இயன்ற குடும்பங்கள், முன்பதிவின்போதே குழந்தை இருக்கை அல்லது பட்டையின் பெயரைக் குறிப்பிட்டு, அதை அனுமதிப்பதாக விமான நிறுவனத்திடமிருந்து எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்வது நல்லது. இயலாதோர், இடம் நிரம்பாத விமானத்தில் பக்கத்து இருக்கையைக் காலியாக விடுமாறு ஏறும் வாயிலில் பணிவோடு கேட்கலாம். அது கிடைத்துவிட்டால், கையோடு கொண்டுவந்த கார் சீட்டையோ கேர்ஸ் பட்டையையோ கட்டணமின்றிப் பயன்படுத்த வாய்ப்பு உண்டு. எந்த வழியாயினும், பூட்டுவதை மட்டுமன்றி ஒரே கையால் விரைவாகக் கழற்றுவதையும் பெற்றோர் இருவரும் வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் இருக்கையை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியேறுவதே முறை.