தண்ணீருக்குத் தாங்களே விலை வைத்த விவசாயிகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துத் தெற்குப் பகுதியில், இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே இருக்கிறது சான் லூயிஸ் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 7,500 அடி. ஆண்டு முழுவதும் பெய்கிற மழை சுமார் 7 அங்குலம்தான். அந்த மண்ணில் உருளைக்கிழங்கும் பார்லியும் கால்நடைத் தீவனமும் செழிப்பாக விளைகின்றன. மலைப்பனி உருகி ஓடிவரும் ரியோ கிராண்ட் ஆறு ஒரு காரணம். மண்ணுக்கு அடியில் தேங்கிக் கிடக்கும் நீர் இன்னொரு காரணம்.

அந்த நீரைத்தான் வரைமுறை இல்லாமல் இறைத்தார்கள். கால் மைல் நீளக் குழாய் ஒன்று சக்கரங்களின் மேல் நின்றபடி, வயலின் நடுப்புள்ளியைச் சுற்றி மெல்ல ஊர்ந்து தண்ணீர் தெளிக்கும். ஒரு வட்டம் சுமார் 125 ஏக்கர். இப்படி நூற்றுக்கணக்கான வட்டங்கள். 2002-ல் கடும் வறட்சி வந்தது. ஆற்றில் நீர் இல்லை. மோட்டார்கள் நிற்கவும் இல்லை. 1976-ல் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் பின்னாளில் பத்து லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் நிலத்தடி நீர் காணாமல் போயிருந்தது. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர்-அடி: சுமார் 12 லட்சம் லிட்டர், நம்மூர் டேங்கர் லாரிகளில் நூறு லோடு.

நிலத்தடி நீர் இறங்கினால் ஆற்றிலும் நீர் குறையும். கொலராடோ சட்டப்படி ஆற்றுநீரில் முதலில் உரிமை பெற்றவருக்கே முதல் பங்கு. பழைய வாய்க்கால் பாசனக்காரர்களின் பங்கைப் பின்னால் வந்த ஆழ்குழாய்க் கிணறுகள் தின்றுகொண்டிருந்தன. கிணறுகளை மாநில அரசே மூடிவிடும் என்ற நிலை நெருங்கியது. 2004-ல் வந்த ஒரு சட்டம் மாற்று வழியைத் திறந்துவைத்தது: விவசாயிகளே ‘துணை மாவட்டம்’ என்ற நீர் நிர்வாக அமைப்பை உருவாக்கித் தங்கள் இறைப்பைத் தாங்களே கட்டுப்படுத்தலாம்.

நில உடைமையாளர்கள் மனுவில் கையெழுத்திட்டு முதல் துணை மாவட்டத்தை அமைத்தார்கள். பழைய வாய்க்கால்காரர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்து வழக்காடினார்கள். 2011-ல் மாநில உச்ச நீதிமன்றம் திட்டத்தை ஏற்றது. கிணறுகளில் மீட்டர் பொருத்தி, இறைக்கும் ஒவ்வொரு ஏக்கர்-அடிக்கும் கட்டணம் வைத்தார்கள். தொடக்கத்தில் 45 டாலர், விரைவிலேயே 75. வாய்க்கால் பங்கு உள்ள விவசாயி அந்த நீரை நிலத்துக்குள் இறங்கவிட்டால், அது அவர் இறைத்த கணக்கில் கழியும். எடுத்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மண்ணுக்குள் நீரைச் சேர்ப்பவருக்கு வாழ்த்து மடல் போதாது. பில் குறைய வேண்டும்.

வாய்க்கால் பங்கே இல்லாதவர் நிலையை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 125 ஏக்கர் வட்டத்துக்குப் பருவம் முழுவதும் ஒன்றரை அடி நீர் பாய்ச்சினால் சுமார் 187 ஏக்கர்-அடி. 75 டாலர் வீதம் ஆண்டுக்கு ஒரு வட்டத்துக்கு மட்டும் சுமார் 14,000 டாலர். அந்தத் தொகையை எழுதும்போது எவருக்கும் கை நிற்கும். ஓரத்து நிலத்தைத் தரிசு போடலாமா, தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறலாமா என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது. பொருளாதார ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, கட்டணம் வந்தபின் அங்கே இறைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் கண்டறிந்தது.

வசூலான பணம் தலைநகர் கஜானாவுக்குப் போகவில்லை. ஆற்றுக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட நீர் வாங்கவும், மத்திய வேளாண் துறைத் திட்டத்தோடு சேர்ந்து, நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்குபவர்களுக்கு ஈடு கொடுக்கவும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே செலவானது. தன் பணம் பக்கத்து வயலில் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்ததால்தான் ஆட்கள் கட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

நீர்மட்டம் சில ஆண்டுகள் ஏறவும் செய்தது. பிறகு 2018 வறட்சி, அப்படிச் சேர்த்ததில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. கட்டணம் 90, பிறகு 150 டாலர் என்று உயர்ந்தது. நிர்ணயித்த அளவைத் தாண்டி இறைப்பவருக்கு 500 டாலர் என்ற திட்டமும் வந்தது. அதே வட்டத்துக்குரிய நீர் முழுவதையும் அந்த விலையில் வாங்கினால் 93,000 டாலருக்கு மேல். ஒரு சாரார் எதிர்த்தார்கள். அவர்கள் கவலை பொய்யில்லை. வாய்க்கால் பங்கு உள்ளவர் தாக்குப்பிடிப்பார். கிணற்றை மட்டுமே நம்பியவர் நிலத்தை விற்க நேரலாம். 2022-ல் மாநில அரசு இரண்டு ஆற்றுப் படுகைகளுக்குச் சேர்த்து 6 கோடி டாலர் ஒதுக்கி, கிணறுகளை நிரந்தரமாக மூட முன்வருபவர்களுக்கு உதவியது. இந்தக் கை கொடுத்தல் இல்லாமல் வெறும் விலையேற்றம் சிறு விவசாயியைத்தான் முதலில் வெளியேற்றும்.

என் தீர்ப்பு இது: கட்டணம் வைத்தது சரி, உயர்த்தியது தாமதம். நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்த நல்ல ஆண்டுகளிலேயே விலையைக் கூட்டி, விலகுபவர்களுக்கான நிதியையும் சேர்த்திருக்க வேண்டும். துணை மாவட்டத்துக்கு விதிக்கப்பட்ட கெடு 2031. அதற்குள் நீர்மட்டம் குறித்த அளவுக்குத் திரும்பாவிட்டால், கிணறுகளை மூடச் சொல்லும் அதிகாரம் மாநிலப் பொறியாளரிடம் இருக்கிறது.