மீன் வயிற்றுப் பை பீரைத் தெளிய வைக்கிறது!

மீஞ்சூரைத் தாண்டி வடக்கே போனால் பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி. ஒரு பக்கம் கடல். நடுவே மீனவர் குப்பங்கள். இந்தியாவின் உப்புநீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான்.

கடலோரத்தில் மீனை அறுக்கும்போது குடலோடு ஒரு வெள்ளைப் பை வரும். அதற்குள் காற்று இருக்கும். மீன் தண்ணீரில் மூழ்காமல், மிதக்காமல் நிற்பதற்கு உதவுவது இந்தப் பைதான். கத்தாளை இன மீன்களில் இது பெரிதாக இருக்கும். தமிழகக் கடலோரத்தில் இதை "நெட்டி" என்பார்கள்.

சிறு மீனின் நெட்டி குப்பைக்குப் போகிறது. பெரிய கூறல் கத்தாளையின் நெட்டி கப்பல் ஏறுகிறது!

இந்தப் பைக்கும், மேல்நாட்டார் குடிக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்?

பீர் கலங்குவது ஏன்?

பார்லியை முளைக்க வைத்துக் காய வைப்பார்கள். அதை வெந்நீரில் ஊற வைத்தால் இனிப்புச் சாறு கிடைக்கும். "ஹாப்ஸ்" என்னும் பூவைப் போட்டு அதைக் கொதிக்க வைப்பார்கள். ஆறிய பிறகு "ஈஸ்ட்" சேர்ப்பார்கள்.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர். அது சர்க்கரையைத் தின்னும்; சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும். ஆப்ப மாவில் கள் ஊற்றினால் மாவு பொங்குகிறதே, அதுவும் ஈஸ்டின் வேலைதான்.

ஜெர்மனியில் உள்ள பவேரியாவில் 1516-ம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் இவை மட்டுமே பீரில் இருக்கவேண்டும் என்றது சட்டம். அதில் ஈஸ்டின் பெயரே இல்லை! ஈஸ்ட் என்று ஓர் உயிர் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. புளிப்பது உயிர்களின் வேலை என்று பின்னாளில் காட்டியவர், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர்.

புட்டியின் அடியில் வண்டல்

இங்கிலாந்தில் 1963-ம் ஆண்டு முதல், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க லைசென்ஸ் வேண்டியதில்லை. (தமிழ்நாட்டில் அப்படி அல்ல. இங்கே வீட்டில் காய்ச்சுவது குற்றம்.)

அவர்கள் புட்டியில் சிறிது சர்க்கரை போட்டு மூடுவார்கள். உள்ளே இருக்கும் ஈஸ்ட் அதையும் தின்னும். அப்படித்தான் நுரை வருகிறது. சர்க்கரை கூடிப்போனால் புட்டியே வெடித்துவிடும்!

வேலை முடிந்ததும் ஈஸ்ட் அடியில் படிகிறது. அது அழுக்கும் அல்ல, கெட்டுப்போனதும் அல்ல. புட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, குளிர்ந்த இடத்தில் சில நாள் வைப்பார்கள். பிறகு மெதுவாகச் சாய்த்து ஒரே மூச்சில் ஊற்றுவார்கள். கடைசி ஒரு விரற்கடையை புட்டியிலேயே விட்டுவிடுவார்கள்.

சில பீர், குளிர்ந்தால் மட்டும் கலங்கும். சூடு ஏறினால் தெளியும். பார்லியின் புரதமும், துவர்ப்புச் சத்தும் ஒன்று சேர்வதால் வரும் கலங்கல் அது.

நெட்டி செய்யும் வேலை

நம் வீடுகளில் கலங்கல் தண்ணீரை என்ன செய்தார்கள்? பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தார்கள். சேறு அடியில் இறங்கியது. நெட்டியும் அப்படித்தான்.

காய்ந்த நெட்டியைப் புளிப்பு நீரில் ஊற வைத்தால் கூழாகும். அந்தக் கூழுக்கு நேர் மின்சாரம். ஈஸ்டுக்கு எதிர் மின்சாரம். இரண்டும் ஒட்டிக்கொண்டு கனத்து அடியில் இறங்கிவிடும். ஆனால் கூழ் சூடாகக் கூடாது. சூடானால் சக்தி போய்விடும்.

முதலில் ரஷியாவின் ஸ்டர்ஜன் மீனிலிருந்துதான் இதை எடுத்தார்கள். விலை அதிகம். 1795-ம் ஆண்டு வில்லியம் மர்டாக் என்பவர், காட் மீனிலிருந்து மலிவாக எடுக்க வழி கண்டார். இந்தியக் கடலோரத்தில் கிடைக்கும் நெட்டியைப் பற்றி 1842-ல் ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் என்ற வெள்ளைக்காரர் ஒரு புத்தகமே எழுதினார்!

இப்போது பல கம்பெனிகள் நெட்டியை விட்டு வடிகட்டும் எந்திரத்துக்கு மாறிவிட்டன. புகழ்பெற்ற கின்னஸ் கம்பெனியும் நெட்டியைக் கைவிடுவதாக 2015-ம் ஆண்டு அறிவித்தது.

பணமும் ஆபத்தும்

பீருக்குத் தேவை குறைந்தாலும் நெட்டிக்கு மவுசு குறையவில்லை. சீனர்கள் அதைச் சூப்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். பெரிய கூறல் மீனில், சதையைவிட நெட்டிக்கே அதிக விலை கிடைப்பது உண்டு. அறுக்கும்போது கிழியாமல் எடுத்து, ரத்தமும் சவ்வும் போகக் கழுவி, மண் படாமல் காய வைத்தால்தான் அந்த விலை.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. கூறல் மீன் முட்டையிடுவதற்காகக் கூட்டமாகக் கூடும். அப்போது வலை போட்டால், ஒரே நாளில் பணம் குவியும்; அடுத்த தலைமுறை மீன் அழியும்.

மெக்சிகோவில் அதுதான் நடந்தது. நெட்டிக்காக "டொடோவாபா" மீனைத் திருட்டுத்தனமாகப் பிடித்தார்கள். அந்த வலையில் "வாகிடா" என்னும் சிறு கடற்பன்றி சிக்கிச் சிக்கிச் செத்தது. இன்று உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே அது மிஞ்சியிருக்கிறது.

பீர் கலங்கினால் தெளிய வைக்க ஒரு பை போதும். கடல் வெறுமையானால், அதை நிரப்ப எந்தப் பை இருக்கிறது?